மலைக்குத் தூக்கிப்போகும் துப்பாக்கி

நியூசிலாந்தின் தென் தீவில் தார் என்ற மலையாட்டை வேட்டையாடப் போகிறவர் விடியும் முன்பே ஏறத் தொடங்கிவிட வேண்டும். ராக்காயா, ரங்கிடாட்டா ஆறுகளின் தலைப்பகுதியில் பாதை என்று சொல்ல எதுவும் கிடையாது. முதலில் அடர்ந்த புதர், அதைத் தாண்டினால் முள்ளும் நெடும்புல்லும், அதற்கும் மேலே மிதித்த இடமெல்லாம் சரியும் கற்சரிவு. ஆயிரம் மீட்டர் ஏறிய பிறகுதான் விலங்கு கண்ணில் படும். முதுகில் மழைச்சட்டை, சாப்பாடு, கத்தி, கயிறு. இறங்கும்போது இவற்றோடு இறைச்சியும் தோலும் சேரும். ஏற்றம் முழுக்க ஒரு கையைப் பிடித்துவைத்திருப்பது துப்பாக்கிதான். ஆகவே எடை குறைந்த துப்பாக்கி மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் சந்தையில் எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் இந்த ஆசைக்கு எவ்வளவு கொடுக்கலாம், எதை வாங்கலாம் என்பதே இங்கே கேள்வி.

நம் வாசகருக்கு அதற்கு முன் வேறொரு கேள்வி எழும். 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம். நியூசிலாந்தின் நிலைமை நேர்மாறானது. வௌவாலைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டி எதுவும் அந்தத் தீவுகளில் இயல்பாக இருந்ததில்லை. செம்மான் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. இமயமலை வகையான தார் 1904-இல் பெட்ஃபோர்டு பிரபுவின் அன்பளிப்பாக வந்து, குக் மலை அருகே விடப்பட்டது. ஷாம்வா எனும் ஐரோப்பிய மலைமான் 1907-இல் ஆஸ்திரியப் பேரரசர் அனுப்பியது. மேய்கிற விலங்கையே அறியாமல் வளர்ந்த மலைத் தாவரங்கள் இவற்றின் வாயில் அழிகின்றன. தார் தொகை பத்தாயிரத்தைத் தாண்டக்கூடாது என்பது 1993-இல் வகுக்கப்பட்ட அரசுத் திட்டம். அதற்காக அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. பொதுநிலத்தில் வேட்டையாட அனுமதிச்சீட்டு இலவசம். நம் வரையாட்டையும் இந்தத் தாரையும் நெடுங்காலம் ஒரே பேரினமாகத்தான் வகைப்படுத்தியிருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகே இரண்டும் பிரிக்கப்பட்டன. நீலகிரியில் காக்க வேண்டிய ஓர் உயிரின் ஒன்றுவிட்ட உறவு அங்கே குறைக்க வேண்டிய உயிராகிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் சுடத்தான் வேண்டும் என்றான பிறகு, விலங்கு துடிக்காமல் முதல் தோட்டாவிலேயே விழ வேண்டும். கீழே வரும் கணக்கு எல்லாவற்றுக்கும் அதுவே அளவுகோல்.

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பின், பெரும்பாலான அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் அங்கே தடை செய்யப்பட்டன. மலை வேட்டைக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரைஃபிள்தான் என்பதால் இந்த வேட்டை மாறவில்லை. உரிமம் கட்டாயம், பூட்டிவைக்க வலுவான பெட்டி கட்டாயம், 2023 ஜூன் முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்றுவதும் கட்டாயம். பெட்டிக்கும் உரிமத்துக்கும் ஆகும் செலவைத் துப்பாக்கிப் பணத்திலிருந்து முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கடைக்குள் நுழைகிறார்கள்.

இனி எடை. விலைப்பட்டியலில் அச்சடித்திருக்கும் எடை வெறும் துப்பாக்கியின் எடை. அப்படி யாரும் மலையேறுவதில்லை. ஸ்கோப், அதைப் பொருத்தும் வளையங்கள், தோள்பட்டி, தோட்டாக்கள், சைலன்சர் எல்லாம் சேர்ந்ததுதான் தோளில் தொங்கும். நியூசிலாந்தில் சைலன்சருக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. காதைக் காப்பதாலும் உதைப்பைக் குறைப்பதாலும் வேட்டைக்காரர் பலர் அதைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஆகவே சமையலறைத் தராசை எடுத்துவைத்து ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பதுதான் நேர்மையான தொடக்கம்.

பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட் சுமார் 2.9 கிலோ. அதன் மேல் 350 கிராம் எடையுள்ள எளிய 3-9 ஸ்கோப், 100 கிராம் அலுமினிய வளையங்கள், 120 கிராம் பட்டி, நான்கு தோட்டாக்கள் 100 கிராம், சைலன்சர் 350 கிராம். மொத்தம் 3.92 கிலோ. ஜப்பானின் ஹோவா 1500 வழக்கமான ரப்பர் பூச்சுக் கட்டையுடன் (துப்பாக்கியின் உடலைத் தாங்கும் பகுதி) ஏறக்குறைய 3.4 கிலோ வரும். இதே உறுப்புகளைச் சேர்த்தால் 4.42 கிலோ. அரைக் கிலோ வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் அது தெரியவே செய்யும்.

இப்போது டிக்கா வாங்கியவர் நீண்ட தூரக் குறிக்கு ஆசைப்பட்டு 700 கிராம் எடையுள்ள பெரிய ஸ்கோப்பையும் 200 கிராம் எஃகு வளையங்களையும் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4.37 கிலோ. எளிய ஸ்கோப் மாட்டிய ஹோவாவுக்கும் இதற்கும் 50 கிராம்தான் வித்தியாசம். எடை குறைந்த துப்பாக்கிக்குக் கொடுத்த கூடுதல் பணம் முழுவதையும் ஸ்கோப் தின்றுவிட்டது. அந்த ஸ்கோப்புக்கும் எளிய ஸ்கோப்பை விடக் கூடுதல் பணம்தான் கொடுத்திருப்பார். எடையைக் குறைக்கும் வேலையில் காசைச் செலவழிக்காமல் மிச்சப்படுத்தும் ஒரே உறுப்பு ஸ்கோப்தான். எந்தத் துப்பாக்கி என்று முடிவெடுக்கும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 300 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு ஒன்பது மடங்கு பெருக்கம் தாராளம். விலங்கைத் தேடவும் அடையாளம் காணவும் இருப்பது தொலைநோக்கி. ஸ்கோப் வழியாகப் பார்த்து இனம் காண்பது என்றால் துப்பாக்கியின் வாயை எதிரே இருப்பவர் மேல் திருப்புவது என்று பொருள், அங்கே நிற்பது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம்.

எடை குறைந்த துப்பாக்கி அதிகம் உதைக்கும் என்பது அடிக்கடி சொல்லப்படும் எச்சரிக்கை. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்திலும், தோட்டாவும் வெடிமருந்து வாயுவும் தரும் உந்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் மாறும். இருமடி என்பதுதான் இங்கே முக்கியம். சைலன்சர் இல்லாமல், ஸ்கோப்பும் மற்றவையும் சேர்த்து 3.57 கிலோ வரும் டிக்காவில் 150 கிரெய்ன் தோட்டாவுள்ள .308 வின்செஸ்டரைச் சுட்டால் உதைப்பு சுமார் 22 ஜூல். அமெரிக்காவின் கிம்பர் 84எம் ஹன்டர் வெறும் 2.5 கிலோ. அதே உறுப்புகளோடு 3.17 கிலோ. அதில் .308 சுட்டால் கிட்டத்தட்ட 25 ஜூல். 400 கிராம் குறைத்ததற்குக் கிடைத்த தண்டனை மூன்று ஜூலுக்கு மேல் இல்லை. அதே கிம்பரில் 6.5 கிரீட்மோர் தோட்டாவைச் சுட்டால் 20 ஜூல்தான், அதாவது கனமான டிக்காவில் .308 உதைப்பதை விடவும் குறைவு. மாறாக டிக்காவையே .300 வின்செஸ்டர் மேக்னத்தில் வாங்கினால் 41 ஜூல் தோளில் விழும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆகவே உதைப்புக்குப் பயந்து கனமான துப்பாக்கி வாங்குவது தேவையற்றது. எடை குறைந்த துப்பாக்கியில் மேக்னம் தோட்டாவைத் தேடுவதுதான் தவறு. தார் மலையாடு தோல் தடித்ததுதான், பெரிய கிடா நல்ல பலசாலிதான். ஆனால் .308, அதன் உறையையே 7 மி.மீ. தோட்டாவுக்குச் சுருக்கி ரெமிங்டன் 1980-இல் வெளியிட்ட 7எம்எம்-08, ஹார்னடி 2007-இல் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் ஆகிய மூன்றில் எதுவும் 300 மீட்டருக்குள் அதன் நுரையீரலைக் கடந்து போகும். மேக்னம் வாங்கியவர் பயிற்சிக் களத்தில் பத்துத் தோட்டா சுட்டதும் தோளைத் தடவிக்கொண்டு பெட்டியை மூடிவிடுகிறார். அடுத்த முறை விசையை அழுத்தும்போது, உதைப்பு வரும் முன்பே கண்ணை மூடித் தோளைப் பின்னுக்கு இழுக்கப் பழகிவிடுகிறது உடம்பு. அப்படிச் சுடப்பட்ட விலங்குதான் வயிற்றில் அடிபட்டுப் பாறை இடுக்கில் போய்க் கிடந்து சாகிறது.

துல்லியத்தைப் பற்றிக் கடைகளில் பேசப்படும் பேச்சையும் சோதித்துப் பார்க்கலாம். டிக்கா நிறுவனம் தன் துப்பாக்கியின் மூன்று தோட்டாக்கள் ஒரு கோண நிமிடத்துக்குள் விழும் என்று உறுதி தருகிறது. 100 மீட்டரில் அது 29 மி.மீ. கிம்பரும் இதே போன்ற உறுதி தருகிறது. மூன்று தோட்டாக்கள் என்பது மிகச் சிறிய மாதிரி. தோட்டாக்கள் இயல்பான சிதறலில் விழுவதாகக் கொண்டால், பத்துத் தோட்டாக்களின் பரவல் மூன்று தோட்டாக்களின் பரவலைப் போல் ஏறக்குறைய 1.6 மடங்கு வரும். 29 மி.மீ. என்பது 46 மி.மீ. ஆகிவிடும். 250 மீட்டரில் அது 115 மி.மீ. தாரின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 செ.மீ. அகலம். ஆக, இதை விடச் சற்றே மோசமான துப்பாக்கிகூட அந்த வட்டத்துக்குள் தோட்டாவைப் போட்டுவிடும். துப்பாக்கிகளுக்கிடையே இருக்கும் துல்லிய வேறுபாடு மலையில் யாரையும் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. மூச்சு வாங்க ஏறிவந்து, முதுகுப்பையைப் பாறைமேல் வைத்து, அதன்மேல் குழலைச் சாய்த்துச் சுடுகிற ஆளின் கைதான் முடிவு செய்கிறது.

இங்கேதான் மிக எடை குறைந்த துப்பாக்கியின் உண்மையான குறை வெளிப்படுகிறது. கிம்பர் மிக அழகாகச் செய்யப்பட்ட பொருள். மவுசர் பாணியில் தோட்டாவை மேகசினிலிருந்து எடுக்கும்போதே பற்றிக்கொள்ளும் நகம், மெலிந்த குழல், தேவைக்கு மேல் ஒரு கிராம்கூட இல்லாத உடல். தோளில் இருப்பதே தெரியாது. ஆனால் நாடித்துடிப்பு ஏறியிருக்கும்போது, வாய்ப்பக்கம் எடையே இல்லாத ஒரு குழலை அசையாமல் நிறுத்துவது கடினம். கன்னத்தை அழுத்தும் விதம், முன்கட்டையைப் பிடிக்கும் விதம், பையின் மேல் வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் அப்படியே செய்ய வேண்டும். சிறிது மாறினாலும் தோட்டா விழும் இடம் மாறும். இதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குத் தோட்டா வேண்டும், தோட்டாவுக்குப் பணம் வேண்டும். கிம்பர் வாங்கியவரிடம் அந்தப் பணம் மிஞ்சியிருக்காது. வசதியுள்ள, ஆண்டு முழுக்கச் சுடுகிற ஒருவருக்கு நான் கிம்பரைத் தயங்காமல் சொல்வேன். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது தகாது.

மறுமுனையில் சாவேஜ் ஆக்சிஸ். இருப்பதிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று, எடையும் மூன்று கிலோவை ஒட்டித்தான். குழல் நன்றாகவே சுடும், அதில் குறை சொல்ல இடமில்லை. விசையும் கட்டையும்தான் அதன் தொல்லை. அடிப்படை மாதிரியின் விசை கனமாக இருக்கும். போல்ட் இழுப்பில் கரகரப்பு உண்டு. மலிவான கட்டை அழுத்தினால் வளையும். இவற்றைச் சரிசெய்ய வேறு விசை, வேறு கட்டை என்று வாங்கத் தொடங்கினால் கூட்டுத்தொகை அடுத்த படியில் உள்ள துப்பாக்கியைத் தொட்டுவிடும். அப்படியானால் முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம்.

அந்த அடுத்த படிதான் ரூகர் அமெரிக்கன். 2012-இல் அமெரிக்காவில் 449 டாலர் பட்டியல் விலையோடு வந்தபோது, மலிவு விலைத் துப்பாக்கி என்றால் இவ்வளவுதான் என்ற எண்ணத்தையே மாற்றியது. எடை சுமார் 2.8 கிலோ, டிக்காவை விடவும் கொஞ்சம் குறைவு. போல்ட்டில் மூன்று பூட்டுப்பற்கள் இருப்பதால் கைப்பிடியை 70 பாகை தூக்கினால் போதும், விரல் ஸ்கோப்பில் இடிக்காது. உடலைக் கட்டையில் நிறுத்த இரண்டு வி வடிவ உலோகத் தாங்கிகள். விலைக்கு மீறிய பொறியியல் இது. விசையை வாங்கியவரே ஒரு திருகால் சரிசெய்துகொள்ளலாம். பாதுகாப்புப் பூட்டு கட்டைவிரலுக்கு நேரே இருக்கிறது.

இதன் பலவீனத்தைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துப் பின்னுக்கு இழுத்தால் தடையின்றி வரும். அப்படியே தாளை வைத்துக்கொண்டு முன்கட்டையின் நுனியைக் கட்டைவிரலால் ஒருபக்கமாக அழுத்துங்கள். முதல் தலைமுறை ரூகரில் தாள் சிக்கிக்கொள்ளும். கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிட்டது என்று பொருள். களத்தில் சமமான மணல்மூட்டையின் மேல் வைத்துச் சுடும்போது இது தெரியாது. மலையில் முன்கட்டையைப் பாறையில் சாய்த்து, தோள்பட்டியை முழங்கையில் சுற்றி இறுக்கிச் சுடும்போது, குழல் ஒருபக்கம் தள்ளப்பட்டுத் தோட்டா வேறு இடத்தில் விழும். முன்கட்டையின் உள்ளே எபாக்சி பசையும் கார்பன் குச்சியும் வைத்து விறைப்பாக்குபவர்கள் உண்டு. கைவேலை தெரிந்தவருக்கு அது ஒரு மாலை வேலை. பின்னர் வந்த இரண்டாம் தலைமுறையில் கட்டையை மாற்றியமைத்திருக்கிறார்கள், அதற்கேற்ப விலையும் உயர்ந்திருக்கிறது.

ஹோவாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே எஃகுத் துண்டில் உருவான உடல், தலைமுறைக்கும் நிற்கும். அதே நிறுவனம்தான் வெதர்பி வேன்கார்டு துப்பாக்கியையும் செய்து தருகிறது. ஸ்கோப், சைலன்சரோடு சேர்த்து ஒரே தொகுப்பாக மலிவாகக் கிடைக்கும். ஆனால் தொகுப்போடு வரும் கட்டையும் ஸ்கோப்பும் எடையைக் கூட்டுபவை. எடை குறைந்த கார்பன் கட்டையோடு வரும் ஹோவா மாதிரிகளும் இருக்கின்றன. அவை நம் பட்ஜெட்டைத் தாண்டியவை.

இனி டிக்கா. ரிகிமாக்கி நகரில் சாக்கோ ஆலையில் செய்யப்படுகிறது. டி3 வரிசை 2003-இல் வந்தது, திருத்திய டி3எக்ஸ் 2016-இல். தென் தீவு மலைகளில் இதைப் பார்க்காமல் ஒரு பருவத்தைக் கடப்பது கடினம். கூட்டம் போகிறது என்பதற்காக ஒன்றை ஏற்க வேண்டியதில்லை. குறைகளிலிருந்தே தொடங்கலாம். மேகசின் பிளாஸ்டிக், மூன்று தோட்டா மட்டும் கொள்ளும். மலையில் தொலைந்தால் புதியது வாங்கும் விலை வலிக்கும். விசைக்காப்பும் பிளாஸ்டிக். சிறிய தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் ஒரே நீளத்து உடல்தான். போல்ட் பின்னே போகும் தூரத்தை மட்டும் தடுப்பால் குறைத்திருக்கிறார்கள். ஆகவே .308 வாங்குகிறவர் தனக்குத் தேவையில்லாத சில கிராம் எஃகையும் சேர்த்துத்தான் சுமக்கிறார். உதைப்பைத் தாங்கும் தகடு கட்டையில் பதிந்த தனித்துண்டு. பழைய டி3-இல் அது அலுமினியம், நாளடைவில் நசுங்குவது உண்டு. டி3எக்ஸில் அதை எஃகாக்கினார்கள். 2004-இல் துருப்பிடிக்காத எஃகுக் குழல்களின் ஒரு தொகுதி வெடித்த புகாரால் திரும்பப் பெறப்பட்டது. பழைய டி3 வாங்குகிறவர் அதன் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பணத்தை நீட்டக்கூடாது.

இத்தனைக்கும் பிறகும் அது முன்னே நிற்பதற்குக் காரணம் அதன் போல்ட்டும் விசையும். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே போல்ட்டை ஒரு விரலால் தள்ளலாம், தடங்கலே இருக்காது. விசை தளர்வோ இழுவையோ இல்லாமல் சட்டென முறியும். ஒரே திருகால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட கிலோ அழுத்தத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டை உள்ளீடற்றதாக இருந்தும் விறைப்பானது, மேலே சொன்ன தாள் சோதனையில் பிடிவாதமாக நிற்கும். துப்பாக்கியைச் சுடுகிற ஆளின் கைதான் முடிவு செய்கிறது என்றால், அந்தக் கைக்கு அதிகம் உதவுவது விசையும் போல்ட்டும் கட்டையும்தான். மேக்னம் உதைப்போ கால் அங்குலத் துல்லியமோ உதவப்போவதில்லை. டிக்கா தன் பணத்தைச் சரியான இடத்தில் செலவழித்திருக்கிறது. மேகசினிலும் விசைக்காப்பிலும் மிச்சம் பிடித்து, விரல் படும் இடத்தில் தாராளம் காட்டியிருக்கிறது.

புதிய டிக்காவின் விலை புதிய ரூகரை விட நன்றாகவே கூடுதல். பட்ஜெட் என்று சொல்லிவிட்டு அதைப் பரிந்துரைப்பது நியாயமா? புதியதை நான் பரிந்துரைக்கவில்லை. வேட்டைத் துப்பாக்கி அதிகம் தேயும் பொருள் இல்லை. .308 போன்ற மிதமான தோட்டாவில் குழல் சில ஆயிரம் தோட்டாக்கள் தாங்கும், சாதாரண வேட்டைக்காரர் ஆண்டுக்கு நூறுகூடச் சுடுவதில்லை. பத்து வருடம் பழகிய துப்பாக்கியின் குழலில் ஆயுளின் பெரும்பகுதி மிச்சமிருக்கும். டிக்கா எங்கும் இருப்பதால் பழையதும் எங்கும் கிடைக்கும். மேக்னத்துக்கு மாறுகிறவர்களும் கார்பன் குழலுக்கு ஏறுகிறவர்களும் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் விடும் துப்பாக்கியைத்தான் நம் ஆள் பிடிக்க வேண்டும்.

பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவே. குழல்வாயின் விளிம்பில் கீறலோ தட்டலோ இருக்கிறதா என்று கைவிளக்கால் பாருங்கள். சைலன்சருக்கு மரை வெட்டியிருந்தால் அது நேராக இருக்கிறதா, சைலன்சரை மாட்டினால் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். போல்ட்டைக் கழற்றிப் பூட்டுப்பற்களில் ஒரே சீரான தேய்வு இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடிக்காத எஃகையே தேடுங்கள். தென் தீவின் மேற்குப் பக்க மலைகளில் க்ராப் ஆற்றுப் பகுதி ஆண்டுக்கு 11 மீட்டருக்கும் மேல் மழை காணும் இடம். நீலப்பூச்சுக் குழல் ஒரே ஈரமான வார இறுதியில் பழுப்பாகிவிடும். சைலன்சரைக் கழற்றாமல் வைத்தால் உள்ளே தங்கும் ஈரம் குழல்வாயையும் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகும் முற்றாகத் துருப்பிடிக்காததல்ல, ஆனால் களைத்து இறங்கிவந்த இரவில் துடைக்காமல் தூங்கிவிட்டால் மன்னிக்கும்.

எந்தத் தோட்டாவில் வாங்குவது என்பதில் பிடிவாதம் வேண்டாம். .308-க்கும் 7எம்எம்-08-க்கும் 6.5 கிரீட்மோருக்கும் இடையே சந்தையில் எது நல்ல நிலையில், நல்ல விலையில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். .308-இன் தோட்டா எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆகவே அதிகம் சுடலாம். மெலிந்த உடலும் உதைப்பு அச்சமும் உள்ளவருக்கு 6.5 கிரீட்மோர் இதமானது. 7எம்எம்-08 இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மிக நல்ல தோட்டா. வகைகள் கடையில் குறைவு என்பது மட்டுமே அதன் மேல் உள்ள குறை.

வாங்கியபின் செய்யத்தக்க ஒரே பெரிய செலவு, குழலைப் பட்டறையில் 57 செ.மீ.யிலிருந்து 46 செ.மீ.க்கு வெட்டி மரை போடுவது. ஏறக்குறைய 130 கிராம் எஃகு குறையும். சைலன்சரோடு சேர்ந்த நீளம் பழைய நீளத்தை ஒட்டியே நிற்கும், புதரில் சிக்காது. .308-இல் வேகம் வினாடிக்கு முப்பது மீட்டர் அளவில் குறையும், 250 மீட்டரில் தாருக்கு அது தெரியப்போவதில்லை. சைலன்சரின் எடை குழல்வாயில் தொங்குவதால், கிம்பர் பற்றிச் சொன்ன அசைவும் அடங்கும். சிலர் கார்பன் கட்டை, டைட்டானியம் வளையம், துளையிட்ட போல்ட் கைப்பிடி என்று மேலே போவார்கள். அந்த வழியில் முதல் நூறு கிராமை விட அடுத்த நூறு கிராம் விலை கூடுதல், அதற்கடுத்தது இன்னும் கூடுதல். அந்தப் பணத்தில் தோட்டாப் பெட்டிகள் வாங்கி, முதுகுப்பையின் மேலும் பாறையின் மேலும் மூச்சு வாங்கும் நிலையிலும் சுட்டுப் பழகுவதே விலங்குக்குச் செய்யும் நியாயம்.

என் தீர்ப்பு இதுதான்: பழைய டிக்கா லைட், துருப்பிடிக்காத எஃகு, இயன்றால் டி3எக்ஸ், மிதமான தோட்டா, 350 கிராமுக்கு மேல் போகாத ஸ்கோப். தேடியும் நல்லது அகப்படவில்லை என்றாலோ, கையில் இருப்பது அதற்கும் எட்டாது என்றாலோ, ரூகர் அமெரிக்கனை வாங்கி முன்கட்டையை விறைப்பாக்கிக்கொள்ளலாம். அது இரண்டாம் இடம்தான், ஆனால் தலைகுனிய வேண்டிய இடம் இல்லை. கணக்கில் நிற்கும் வித்தியாசம் விசையிலும் போல்ட்டிலும் இருக்கிறதே தவிர, தார் விழுவதில் இல்லை.

இந்தத் தீர்ப்பு மலைக்கு மட்டுமே பொருந்தும். வடக்குத் தீவின் கைமனாவா காட்டில் சீக்கா மானைத் தேடுகிறவர் நாற்பது ஐம்பது மீட்டரில், மரங்களுக்கிடையே நின்று சுடுகிறார். அவர் தோளில் அரைக் கிலோ கூடினால் மாலையில் ஒன்றும் மாறிவிடாது. குழலின் நீளம்தான் அவருக்குத் தொல்லை. குழலை வெட்டிய ஹோவாவே அவருக்குப் போதும், எடைக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.